காவடித் தாங்கி யாருடைய யோசனை?

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் கம்பெனி பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு நிற்கும். அதில் கரியைக் கொட்டி, விசிறி, வரும் வாயுவை எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். திருத்தணியில் வெள்ளை வேட்டியோடு ஏறியவர் பள்ளிப்பட்டில் இறங்கும்போது வேறு நிறத்தில் இருப்பார். யுத்தம் முடிந்து பெட்ரோல் வரத் தொடங்கியதும் முதலாளி அடுப்புகளைக் கழற்றிவிட்டார். அவற்றைத் தாங்கிய இரும்புச் சட்டத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. வண்டியின் வாலில் அது சும்மா நீட்டிக்கொண்டு நின்றது.

நான் அந்தக் கம்பெனியில் புக்கிங் குமாஸ்தா. கம்பெனி என்பது இரண்டு வண்டிகளும் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு தகரக் கூரை அறையும்தான். மாதக் கிருத்திகை வந்தால் எங்களுக்குக் கூட்டம் வரும், கூடவே தலைவலியும் வரும். தலைவலி காவடியால் வந்தது. பூசை போட்டுத் தோளில் ஏற்றிய காவடியைத் தரையில் வைக்க மாட்டார்கள். கால் படும் இடமும் ஆகாது. வண்டியின் மேலே போடலாம் என்றால், அங்கே மிளகாய் மூட்டையும் கோழிக்கூடையும் செருப்பும் இருக்கும். ஆகவே ஒரு வரிசையில் உட்கார்ந்த எல்லோர் மடிமீதும் குறுக்காக ஒரு காவடி கிடக்கும். நடுவில் இருப்பவர் வழியில் இறங்க வேண்டுமென்றால் அந்த வரிசையே எழுந்து நிற்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் எங்கள் கண்டக்டர். அம்மையார்குப்பத்துக்காரர், நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் பிடிக்காமல் வண்டிக்கு வந்தவர். வண்டிச் சத்தம் தறியைவிட மோசம் என்று அவரே சொல்வார். ஒரு நாள், வாலில் சும்மா நின்ற சட்டத்தின் இரு பக்கமும், கவட்டை போலப் பிளந்த மரக் கவைகளை அடுக்கடுக்காகக் கட்டினார். கவைக்குக் கவை காவடித் தண்டு குறுக்கே உட்கார்ந்தது. மேலே வளைவும் மயில் பீலியும் காற்றில் ஆடின. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த கிருத்திகைக்குக் காவடிக்காரர்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்காகக் காத்து நின்றார்கள். முதலாளி பெயிண்டரை வரவழைத்தார். ‘காவடித் தாங்கி. எங்கள் கம்பெனியின் சொந்த யோசனை’ என்ற பலகை வண்டியின் பின்னால் ஏறியது.

அன்று மாலை முதலாளி புக்கிங் அறையில் இருந்தபோது கண்டக்டர் வந்தார்.

“இது யாரு யோசனை மொதலாளி?”

“கம்பெனிது. எழுதிகீதே, படிக்கலியா?”

“கம்பெனி எப்ப யோசிச்சுது?”

“நீதான் யோசிச்சே. உனக்குச் சம்பளம் யாரு குடுக்கறது? வேலை நேரத்துல உன் மண்டையில வந்தது கம்பெனிக்குத்தான் சொந்தம்.”

“எனக்கு லீவு அன்னிக்குத் தோணிச்சு. கெணத்தாண்ட குளிச்சிகினு இருந்தேன்.”

“லீவு குடுத்தது யாரு?”

முதலாளி விடாமல், “அந்த இரும்பு யாருது?” என்றார்.

“இரும்பு உங்குளுதுதான். இத்தினி நாளா உங்க எதிர்லயே நின்னுகினு இருந்துச்சே, உங்களாண்ட ஒண்ணும் சொல்லலியா?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டிக்கெட் கட்டைப் பார்த்தேன்.

“எனக்கு துட்டு வாணாம்” என்றார் கண்டக்டர். “கண்டக்டர் யோசனைன்னு ஒரு வரி எழுதுங்க. போதும்.”

“இன்னிக்கு உனக்கு எழுதினா நாளைக்கு டிரைவர் வந்து ஹாரன் என்னுதும்பான். வண்டிக்கு நேரமாச்சு, போ.”

விஷயம் பஸ் நிலையத்துக் காபி கிளப்புக்குப் போய், அங்கே பல நாள் தங்கியது. கதர்ச் சட்டைக்காரர் ஒருவர், சுதந்திரம் வந்த பிறகு யோசனை எல்லாம் பொதுச் சொத்து என்றார். அப்படியானால் அவருடைய காபியையும் பொதுவில் வைக்கும்படி ஒருவர் கேட்டார். நூல் வாங்க வந்த ஒரு நெசவாளர், “எங்க ஊர்ல ஒருத்தன் புதுசா ஒரு கரை போட்டா மறுநாள் தெருவே அதைப் போடுது. எவனாவது பலகை மாட்டறானா?” என்றார். “மாட்டியிருந்தா அந்தக் கரை யாருதுன்னாவது தெரியும்” என்றார் எங்கள் கண்டக்டர்.

இதற்குள் இன்னொரு கம்பெனியின் வண்டியிலும் தாங்கி முளைத்துவிட்டது. அந்தக் கம்பெனி எங்கள் முதலாளியின் அக்கா புருஷனுடையது. இருவரும் சண்டையைத் தெலுங்கில் ஆரம்பிப்பார்கள். ஊர் கேட்க வேண்டிய இடம் வந்ததும் தமிழுக்கு மாறுவார்கள்.

“பாவா, இது நாங்க கண்டுபுடிச்சது” என்றார் முதலாளி, தமிழில்.

“முருகன் குடுத்த புத்தி. உனக்கு முன்னாடி குடுத்தாரு, எனக்குப் பின்னாடி குடுத்தாரு. உனக்கு மட்டும்னு ரசீது இருந்தா காட்டு.”

ரசீது இல்லாத முதலாளி, அப்போது எங்கள் ஜில்லாத் தலைநகரான சித்தூருக்கு ஒரு மனு அனுப்பினார். எங்கள் கம்பெனியின் சொந்த யோசனையை இன்னார் திருடிவிட்டார், தடுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாமே அனுமதி வாங்காமல்தானே கட்டியிருக்கிறோம் என்று நடுவில் கேட்டேன். “திருட்டுப் போச்சுன்னு சொல்ல அனுமதி எதுக்குப்பா?” என்றார்.

ஆடிக் கிருத்திகைக்குச் சில நாட்களே இருந்தபோது சித்தூரிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சர்க்கார் மாறியிருந்தது, அவருடைய வெள்ளைக்காரர் காலத்துச் சோலாத் தொப்பி மாறவில்லை. இரண்டு கம்பெனி வண்டிகளையும் பக்கம் பக்கமாக நிறுத்தச் சொல்லி, பின்னால் நீட்டியிருந்த பகுதியை டேப் வைத்து அளந்தார். மிக மரியாதையாகப் பேசினார். அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது.

“இதை யார் அனுமதியில வெச்சீங்க?”

“கரி அடுப்பு இருந்துதுங்க. சர்க்காரே வெக்கச் சொன்னாங்க” என்றார் முதலாளி.

“அனுமதி அடுப்புக்கு. காவடிக்கு இல்லையே.” பிறகு பாவாவின் பக்கம் திரும்பி, “உங்களுது யார் யோசனை?” என்றார்.

“எங்குளுது ஒண்ணும் இல்லீங்க. இவரைப் பாத்து வெச்சது. எல்லாம் இவரு யோசனைதான்” என்றார் பாவா. தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி.

இன்ஸ்பெக்டர் மனுவை எடுத்தார். “நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கீங்க.”

“அது குமாஸ்தா எழுதினதுங்க.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கையெழுத்துக்கு மட்டுமே பொறுப்பு என்ற முகத்தோடு நின்றேன்.

“பலகையிலும் இருக்கே?”

“அது பெயிண்டர்…” என்று தொடங்கிய முதலாளி அதற்கு மேல் போகவில்லை.

“கம்பெனி யோசனைன்னா கம்பெனி பர்மிட்டை நிறுத்தி வைக்கணும். கிருத்திகை முடிஞ்சு சித்தூருக்கு வாங்க, பேசலாம்.”

ஆடிக் கிருத்திகையில் ஓடாத வண்டியை அந்த வருஷம் முழுக்க நிறுத்தி வைத்தாலும் ஒன்றுதான். முதலாளியின் முகம் கரி வண்டிக் காலத்து நிறத்துக்குப் போனது. அப்போது கண்டக்டர் படியிலிருந்து இறங்கி வந்தார்.

“யோசனை என்னுதுங்க.”

“முதலாளி சொல்லித்தானே செஞ்சே?”

ஆங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம்.

“அவரு சொல்லலீங்க. அவருக்கு இதெல்லாம் தோணாது.”

“தோணாதுங்க” என்றார் முதலாளி அவசரமாக. “எனக்குச் சத்தியமா தோணாதுங்க.”

இன்ஸ்பெக்டர் கண்டக்டரின் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அது இல்லாமல் அவர் வண்டியில் வேலை பார்க்க முடியாது. தாங்கிகளும் சட்டங்களும் அங்கேயே, அவர் கண் முன்னால், கழற்றப்பட்டன. பர்மிட் தப்பியது.

கூட்டம் கலைந்த பிறகு, வீணாக ஏன் போய் மாட்டிக்கொண்டீர்கள் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“மாட்டிகினதா? பலகை எழுதறப்போ என்னை யாரும் கேக்கல. இன்னிக்கு சர்க்காரே வந்து யாருதுன்னு கேக்குது. இப்பவும் வாயைத் தொறக்கலன்னா எப்ப தொறக்கறது?”

முதலாளி மறுநாளே சித்தூர் போனார். யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று சொல்லவில்லை. போய் வந்துகொண்டே இருந்து, கிருத்திகைக்கு முன்தினம் பேட்ஜோடு திரும்பினார். தாங்கிக்கு முறைப்படி அனுமதி கேட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு நான் வேலையை விட்டுப் போகும்வரை பதில் வரவில்லை. ஆனால் பேட்ஜ் வந்த அன்று மாலையே பெயிண்டர் வந்து பழைய வரியை அழித்து, ‘காவடித் தாங்கி. எங்கள் கண்டக்டரின் யோசனை’ என்று எழுதிவிட்டுப் போனார்.

“தாங்கியே இல்லையே” என்றேன்.

“தாங்கிக்குத்தான் அனுமதி வேணும். பலகைக்கு வாணாம்” என்றார் முதலாளி.

கிருத்திகைக் கூட்டத்தில் டிக்கெட் போட உதவியாக நானும் வண்டியில் போனேன். பள்ளிப்பட்டில் மஞ்சள் வேட்டியும் பெரிய பீலிக் காவடியுமாக ஒரு பெரியவர் வண்டியின் பின்பக்கம் போனார். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். கீழே பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

“எங்கப்பா தாங்கி?”

“சர்க்கார் கழட்டிட்டாங்க நைனா.”

“யாரு யோசனைன்னு போட்டிருக்கே, அந்தக் கண்டக்டரு?”

“ஆங், நான்தான்.”

“எப்படி இருந்துது அது?”

இப்படி ஒருவர் கேட்க வேண்டுமென்றே அந்தப் பலகை இத்தனை பாடு பட்டிருந்தது. கண்டக்டர் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைக் கவை மாதிரி வளைத்தார். “இப்படி இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. நடுவுல தண்டு உக்காரும்.”

“அப்படியா” என்ற பெரியவர், தோளிலிருந்த காவடியை அந்தக் கைகளில் பதமாக வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

தரையில் வைக்க முடியாது. கண்டக்டர் காவடியோடு வண்டிக்குள் பக்கவாட்டில் நுழைந்து, கடைசி ஸீட்டில் முதுகைச் சாய்த்து நின்றார். விசிலை நான் ஊதினேன். டிக்கெட்டும் நான்தான் போட்டேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய இன்னொரு காவடிக்காரர் அவருடைய கைகளையும் அவற்றின்மேல் இருந்ததையும் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு வெக்கலாமா?” என்று கேட்டார்.

“ஒண்ணுதாங்க தாங்கும்” என்றார் அவர்.