மறு பாதி

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்வோம். ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி முதல் பாதியைச் சொல்வார். மறு பாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். மாலையில் கோத்த ஐம்பது மணிகளுக்கும் அப்படித்தான். அப்பா இறந்து, அண்ணன் வேலைக்கு வெளியூர் போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா முதல் பாதி, நான் மறு பாதி.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்பவர்கள், சாமியார் யாரோ ஏதோ செய்திருப்பார் என்று ஆவலோடு முகத்தைப் பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனிதர். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர். ஞாயிறுதோறும் நான் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இதை நான் நம்பவில்லை என்று தெரிந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு போய்த் தொட்டுப் பார்ப்பதைப் போலத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"பூசைக்கு வரலைன்னா போகுது. ஜெபமாலைக்கு மட்டுமாச்சும் செத்த நேரம் உக்காரு பாப்பா" என்றாள்.

நான் உட்காரவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்ற வீம்பு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

அன்றிலிருந்து அம்மா தனியாகச் சொன்னாள். ஆனால் மறு பாதியை அவள் சொல்லவில்லை. முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவாள். மறு பாதியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பாள். பிறகு அடுத்த மணி. அடுப்படியில் நின்றுகொண்டு அந்த இடைவெளிகளைக் கேட்பேன். என்னைக் குத்திக்காட்டத்தான் இப்படிச் செய்கிறாள் என்று பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"ரெண்டையும் நீயே சொல்லிக்கிற வேண்டியதுதானே?"

"அது ஓன் பாகம். நான் எப்பிடிச் சொல்றது?" என்றாள்.

நான் போய் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஆட்கள் வருகைப் பதிவு பார்க்கிற வேலை எனக்கு. மில் பஸ்ஸில் யாரோ கொடுத்த துண்டறிக்கையைப் பார்த்துத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். திண்டுக்கல் கடைத்தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. உறை போட்டு மூடிய மிஷின்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, கடவுள் இல்லாமல் வாழ்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்டிட்யூட்காரரை எல்லோரும் அண்ணன் என்றார்கள். குருமடத்தில் ஆறு வருஷம் சாமியாருக்குப் படித்து, பாதியில் வெளியே வந்தவர். எங்கள் எல்லோரையும் விடக் கறாரான நாத்திகர்.

முதல் நாள் நான் என் கதையைச் சொல்லி முடித்ததும் யாரும் எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லவில்லை. ஒருவர் வடையை என் பக்கம் நகர்த்திவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. பத்து மணிக்கு இரண்டாம் பூசை மணி அந்த மாடி வரை கேட்கும். நாங்கள் செத்த நேரம் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்வோம். அங்கேயும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது.

அங்கே நான் ஒரு வேலை செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், சாதுவான ஆள். ஒரு ஞாயிறு வெயிலில் குல்லா போட்டுக்கொண்டு வந்தார். மாடிக்கு வந்த பிறகும் கழற்றவில்லை. நான்தான் கழற்றச் சொன்னேன். மொட்டைத் தலை. மகனுக்குப் பழனியில் முடி இறக்கும்போது இவரும் இறக்கியிருக்கிறார்.

"மாமியா ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டாங்க. முடிதானுங்க, வளந்துட்டுப் போகுது" என்றார்.

"முடி வளந்துரும் தோழர். விட்ட கொள்கை வளருமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்த மனிதரும் சிரிக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் வெகுநாள் பெருமையாக மனதில் வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு வெளியே வந்தவள், மாடியில் ஒன்றைக் கட்டி உள்ளே சாமியார் இடத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழித்து அம்மாவுக்கு இதயம் பலவீனமானது. ஆஸ்பத்திரியில் இருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியூரிலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். மற்றபடி எனக்குக் கைகொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர்கள்தான். ஒருவர் கஞ்சி கொண்டுவருவார், இன்னொருவர் மருந்து வாங்கி வருவார். கடவுளை நம்பாத இம்புட்டுப் பேர் எதற்கு நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஒரு நாள் இன்ஸ்டிட்யூட் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தபோது மணி ஏழாகிவிட்டது. அம்மா படுத்தபடியே முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். வழக்கமான இடைவெளி. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அண்ணன் கணீரென்று மறு பாதியைச் சொன்னார். குருமடத்துக் குரல். அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த மணிக்குப் போனாள். அன்று அம்மா உருட்டிய பத்து மணிகளுக்கும் அவர் பதில் சொன்னார்.

வாசலில் அவர் ஸ்கூட்டரை எடுக்கும்போது மறித்துக்கொண்டேன்.

"என்னண்ணே, நம்பிக்கை திரும்ப வந்துருச்சோ?"

"நம்பிக்கையெல்லாம் இல்லம்மா. அவங்க கேட்டாங்க, நான் பதில் சொன்னேன். அம்புட்டுதான்."

"அப்ப அந்த மொட்டை போட்டவர மட்டும் ஏன் அம்புட்டுப் பேசுனோம்?"

அவர் ஸ்கூட்டரில் செருகிய சாவியைத் திரும்ப உருவினார். "அன்னைக்கே ஒன்னைய நான் கண்டிச்சிருக்கணும். சிரிச்சுப்புட்டேன்" என்றார்.

அதன்பின் தினமும் ஏழு மணிக்கு அவர் வந்தார். அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் இருப்பேன். இடைவெளி இல்லாத ஜெபமாலையை அத்தனை வருஷம் கழித்துக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார் என்ற பொறாமை. அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ நல்ல மழை. ஏழு மணியாகியும் அண்ணன் வரவில்லை. அம்மா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்குத் தம்பிய காணோம். நீ சொல்றியா பாப்பா? அம்பது வேணாம். ஒரு பத்து போதும்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கூட எனக்கு மறக்கவில்லை. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"நம்பாம வாயால மட்டும் சொன்னா, அது பொய்தானேம்மா? ஒனக்கு அது சம்மதமா?"

அம்மா வாதம் செய்கிற ஆளில்லை. நான் கேட்டதை உண்மையாகவே யோசித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தாள்.

"ஆமா, பொய்தான். வேணாம் விடு" என்றாள்.

பிறகு அவளே தொடங்கினாள். முதல் பாதி. இடைவெளி. முதல் பாதி. இடைவெளி. நான் எழுந்து போகவில்லை; அந்த மட்டுக்காவது செய்தேன். பத்து இடைவெளியையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். வாதத்தில் ஜெயித்திருந்தேன்.

மறுநாள் காலை, முகம் துடைத்துவிடத் துண்டை நனைத்துக்கொண்டு வந்தபோது அம்மா இல்லை.

அடக்கப் பூசையில் இன்ஸ்டிட்யூட் அண்ணனும் மாடிக்காரர்களும் கடைசி வரிசையில் நின்றார்கள். குல்லா போட்டு வந்த ஒட்டன்சத்திரத்துக்காரரும் யாரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தார். முடி நன்றாக வளர்ந்து, காதோரம் நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. ஞாயிறுகளில் அந்த மாடிக்குத்தான் போகிறேன். ஆனால் அம்மா போய் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாலை வெறும் வீட்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறு பாதியை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எட்டு விநாடி ஆனது.