ஆறு துண்டில் ஒரு மிட்டாய்க் கடை

எனக்குச் சும்மா இருக்க வராது. அக்கா கம்பெனி வேலையை விட்ட அன்றே அவளுக்கு ஒரு மிட்டாய்க் கடை வரைய ஆரம்பித்துவிட்டேன். வருடக்கணக்காக அசெம்பிளி லைனில் நின்று அவள் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. இனி நின்று செய்யும் வேலையே கூடாது என்றார் டாக்டர். கோவில்பட்டிப் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாய் அவளுக்கு நன்றாக வரும். அது விற்காவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கம்பெனிப் பக்கத்துச் சேரப்பணஞ்சேரி அறையில் நான் தனியாகக் கிடக்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு ஆகாது.

நிரந்தரமாக இடம் பிடிக்க வழியில்லை. அதனால் கழற்றி மாட்டும் கடை. அலுமினியக் குழாயும் தகடும், மொத்தம் ஆறு துண்டுகள், ஒரு குட்டியானை வண்டியில் அடங்கிவிடும். அதே கம்பெனியில் என் ஷிப்டு முடிந்து வந்ததும் வரைவேன், அழிப்பேன், டேப்பை எடுத்து என் இடுப்பு உயரத்தை அளப்பேன். தராசு வலப்பக்கம், டப்பா இடப்பக்கம், காகிதப் பை நேரெதிரே. கை நீட்டினால் எல்லாம் எட்டும். எங்கள் லைனில் அப்படித்தான்.

கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் இறக்கினோம். ஆறே நிமிடத்தில் மாட்டி முடித்தேன். அக்கா கடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஏட்டி, நான் எங்கன உக்காருவேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதச் செஞ்சாலும் ஒனக்கு நொட்டதான்" என்றேன்.

அவள் காலி மிட்டாய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையின் முன்பக்கத் தகடு அவளை முழுதாக மறைத்துவிட்டது. கோயிலுக்குப் போன ஒரு பெண் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னா, கடைல ஆளே இல்லியா?"

"இங்கனதான் இருக்கேன். ஒண்ணு தின்னு பாருங்க" என்று கீழேயிருந்து அக்காவின் கை மட்டும் மிட்டாயோடு மேலே வந்தது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கால் கிலோ வாங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே கடையின் கால்களை அறுத்துக் குறைத்தேன். "அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போவாதுட்டி" என்று அக்கா கேலி செய்தாள்.

மறுநாள் ஷிப்டில் என் இடத்தில் நின்று ஸ்க்ரூவுக்குக் கை நீட்டியபோது சுற்றிலும் பார்த்தேன். எல்லாம் எட்டும் தூரத்தில் இருந்தது. உட்கார மட்டும் ஒன்றும் இல்லை. எட்டு வருடமாக அங்கே நிற்கிறேன், ஒரு நாளும் அது கண்ணில் பட்டதில்லை. குனிந்து என் முழங்காலை அழுத்திப் பார்த்தேன். பயமாக இருந்தது.