இடது காதுக்கு முறை

என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. இரண்டு வயதில் வலது பக்கம் ஆபரேஷன் செய்து, வெளியே மாட்டிக் கழற்றுகிற மிஷின் வைத்தோம். பேச்சு வந்தது, வந்த பேச்சு நிற்கவே இல்லை. இடது பக்கத்துக்கு மிஷின் வைப்பதற்குள் ஆறு வயதாகிவிட்டது. அதற்குள் மூளையில் கேட்பதற்கென்று இருக்கிற இடத்தையெல்லாம் வலது காதே வளைத்துப் போட்டுவிட்டதாம். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "தினமும் ரெண்டு மணி நேரம் வலது மிஷினைக் கழட்டிடுங்க. இடதுல மட்டும் கேக்கட்டும். இப்ப வுட்டா, வளர வளர கஷ்டம்."

எங்கள் கச்சிராயபாளையத்தில் வாய்க்கால் தண்ணீரில் கரும்பு வைக்கிற என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, இது உடனே விளங்கிவிட்டது.

"மேமடைக்காரனே மொத்தத் தண்ணியும் இழுத்துக்கினு இருந்தா கடைமடை காஞ்சிதான போவும்? மேல அடச்சிட்டு முறை வுடணும் மாப்ள."

அவ்வளவுதான். மாலை நாலு முதல் ஆறு வரை இடது காதுக்கு முறை என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. வலது மிஷின் பீரோவில், சாவி மச்சான் இடுப்பில். வயல் தண்ணீரைக் காவல் காக்கிற மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களை மகளின் இடது பக்கமாகத் திருப்பிவிடுவார். பால்காரர் வலது பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டார் என்று ஒருநாள் பெரிய சண்டை. மிஷினே இல்லாத காதில் பேசினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் கேட்டது நியாயம்தான். மச்சானிடம் நியாயம் எடுபடாது.

ஆளாளுக்கு வந்து இடது காதில் கத்தினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் விசில் ஊதிவிட்டுப் போனார். மகள் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள். ஒரு சொல்லும் புரியாது. ஆறு மணிக்கு வலது மிஷினை மாட்டியதும், "பட்டாணி வறுக்கிற மாதிரியே இருக்குப்பா" என்பாள்.

இப்படியே மூன்று மாதம் போனது. ஒரு மாலை மச்சான் தவில்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"இது இன்னா வூடா, சந்தையா? கெளம்புங்க எல்லாரும்!"

மச்சானும் கோபித்துக்கொண்டு, பீரோ சாவியோடு போய்விட்டார்.

மகள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். மனைவி அழுதாள். மெல்லச் சொன்னேன்: "வுடு. புள்ளயப் பாடாப் படுத்த வாணாம். அந்தக் காது இனிமே வேலைக்கு ஆவாது."

மகள் திரும்பவில்லை. பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு வேறொன்றைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

"ஆவும்ப்பா."