சந்தனச் சாயம் போட்ட வியாழக்கிழமை

எங்கள் தெருவில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறைகள் ஒன்பது. கழிவெல்லாம் ஒரே கால்வாயில் இறங்கி, எதிர்வீட்டு அக்காவின் கிணற்றோரம் தேங்கும். சோப்பும் சோடாவும் சாயமும் சேர்ந்து புழுங்கிய நாற்றம். காலையில் ஜன்னலைத் திறந்தால் குமட்டும். அக்காவின் வாளியில் ஏறி வருவது பீட்ரூட் கழுவிய தண்ணீர். அதில் குளித்துக் குளித்து அவர் மகளுக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு.

ஏனாத்தூர் கல்லூரியில் சுற்றுச்சூழல் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கை சும்மா இருக்குமா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதினேன். சுத்திகரிக்காத கழிவை வெளியே விடக்கூடாது, விட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று விதி இருக்கிறது. மூன்றாவது மனுவுக்கு ஓர் அதிகாரி மசிந்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து மாதிரி எடுப்பேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார்.

புதன்கிழமை பெரியப்பா வீட்டில் சாப்பிடும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பதில் ஒன்று அவருடைய பட்டறை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தால் அவருக்கும் நல்லதுதான் என்று ஒரு பாடமே நடத்தினேன். ரசம் ஊற்றிக்கொண்டே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். அதையும் சொன்னேன்.

மறுநாள் ஒன்பது பட்டறையிலும் சந்தன நிறம், தண்ணீரில் தெரியவே தெரியாத வெளிர் சாயம். அரக்கும் இல்லை, பச்சையும் இல்லை. போதாதென்று நல்ல தண்ணீர்க் குழாய்களை வேறு திறந்துவிட்டிருந்தார்கள். அவ்வளவு தெளிவான தண்ணீரை அந்தக் கால்வாயில் நான் பார்த்ததே இல்லை. கிணற்றில் எடுங்கள் சார் என்று வந்த அதிகாரியிடம் கெஞ்சினேன். கழிவு வெளியேறும் இடத்தில்தான் எடுக்க வேண்டும், கிணறு என் வேலையில் வராது என்றார். பாட்டிலை நிரப்பி மூடி, சாட்சிக்குக் கையெழுத்து கேட்டார். பதற்றத்தில் போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குக் கால்வாயில் அரக்கு ஓடியது. மேலே நுரை, நுரையில் ஒரு செத்த எலி. அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"உங்க முன்னாடிதான எடுத்தோம் தம்பி? கையெழுத்தும் நீங்கதான் போட்டீங்க."

பெரியப்பா நூலைப் பிழிந்துகொண்டிருந்தார். கேட்டதற்குச் சிரித்தார். "ஒரு நாள் சந்தனம் போட்டது தப்பாடா? கால்வாய் சுத்தமா இருக்கணும்னு நீதான சொல்லிக்கினு இருந்த."

அவர் மேல் வந்த அருவருப்பு என் மேல் வந்ததில் பாதிகூட இல்லை. அன்று ராத்திரியும் அதே வீட்டில்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் சோப்போடு மகள் நின்றிருந்தாள். வாளியோடு வந்த அக்கா கேட்டார்.

"தேதி அவங்களுக்கு எப்படிபா தெரிஞ்சுது?"

"நான்தான்கா சொன்னேன்."

அக்கா வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

"கொஞ்சம் நகருபா. பாப்பா ஸ்கூலுக்குப் போகணும்."