சேற்றில் கிடந்த சிப்பி

அன்று என் மேசைக்கு வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒற்றைச் சிப்பி ஓடு. அலையில் தேய்ந்து, இரண்டு ஓடுகளும் இணையும் இடம் உடைந்துபோயிருந்தது. உட்புறம் மட்டும் முத்துப்போல் மினுங்கியது. அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மணமேல்குடிக்குத் தெற்கே கரையில் ஒதுங்கியது என்று மீன்துறை அதிகாரி ஒருவர் கொண்டுவந்தார். அந்தக் கடலின் அடியில் இருப்பது பாறையா, சேறா என்றுகூட நான் கேட்கவில்லை. 'முத்துச்சிப்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நண்பகலில், முப்பது வயதிருக்கும் மீனவப் பெண் ஒருவர் ஈரச் சாக்கோடு ஆய்வகத்துக்கு வந்தார். முத்துச்சிப்பி விளையும் இடம் என்று சொல்லி, அவர்கள் ஊர்க் கரையோரத்தில் வலை போடத் தடை விதித்துவிட்டார்களாம்.

"நீங்க எழுதுனது இதத்தானா சார்?" என்று சாக்கைக் கவிழ்த்தார்.

உயிருள்ள சிப்பிகள். தட்டுப்போல் தட்டை, வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்களின் நிழல் தெரிந்தது.

"இது எதுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா?"

"ஒட்டவா? சேத்துல சும்மா படுத்துக் கெடக்கும். அங்கிட்டுப் பாறையே கெடையாதே. வந்து பாத்துட்டா எழுதுனீங்க?"

முத்துச்சிப்பி நார் விட்டுப் பாறையையோ வேறு சிப்பியையோ பற்றிக்கொண்டு வாழ்வது. கத்தியால் ஒன்றைப் பிளந்தேன். ஓடுகள் இணையும் இடத்தில் கவைக்குச்சிபோல் இரண்டு மேடுகள் பிரிந்தன. கோவாப் பக்கம் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதிப்பார்களே, அந்தத் தட்டைச்சிப்பி. முதலில் வந்த ஓட்டில் உடைந்துபோயிருந்தது இந்த அடையாளம்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே கிளறாதீங்க" என்றார் எங்கள் துறைப் பேராசிரியர். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போய், முழங்கால் புதையும் சேற்றில் நடந்து, காலால் துழாவி நானே எடுத்துப் பார்த்தேன். திரும்பியதும் என் முடிவு தவறு என்று மீன்துறைக்கு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வாரம் ஒரு கடிதம் எழுதினேன். சாப்பிடும்போதுகூட அந்தச் சேறு நினைவில் வந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்துதான் தடையை நீக்கினார்கள்.

செய்தியைச் சொல்ல நானே போனேன். அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். கணவர் தடைக்காலத்திலேயே ராமேஸ்வரம் பக்கம் யார் படகிலோ கூலிக்குப் போய்விட்டாராம்.

"வரச்சொல்லி ஆள் விடுறேன். வருவாரோ, அங்கிட்டே இருந்துருவாரோ" என்றவர், "வெயில்ல வந்துருக்கீங்க, சாப்புட்டுப் போங்க சார்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பின் பல நூறு சிப்பிகளை இனங்கண்டிருக்கிறேன். எடுத்த இடத்தைப் பார்க்காமல் ஒன்றுக்கும் பெயர் எழுதியதில்லை. இன்று அந்தக் கரை புதுக்கோட்டை மாவட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அந்தப் பெண்ணின் கணவர் திரும்பி வந்தாரா என்று போய்க் கேட்டிருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் போகவில்லை.