குறுக்கே வைத்த அளவுகோல்

கோபம் வந்தால் காய்கறிக் கடைத்தெரு, துக்கம் வந்தால் வெல்ல மண்டிப் பக்கம், சந்தோஷம் வந்தால் பஸ் ஸ்டாண்டு. கள்ளக்குறிச்சியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதுதான் வைத்தியம். காய்கறிக் கூச்சலில் என் கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியாது. வெல்ல வாசத்தில் கொஞ்ச நேரம் நடந்தால் அழுகை நின்று பசி எடுத்துவிடும். நடக்கிற தெருவுக்குத் தகுந்தபடிதான் மனசும் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

என் கணவரிடம் சொன்னபோது சிரித்தார். அவர் சென்னைக்காரர். எங்களுக்குக் கல்யாணமான புதிது. என்னைப் பெற்ற அத்தா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், எங்கள் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்ள அவர் வந்திருந்தார். கால் கூடியதும் என்னைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. எனக்குப் போகவே மனசில்லை. ஒரே பெண் நான். அத்தாவுக்குப் பிறகு கடைக்கும் ஆள் இல்லை. இருந்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. ஊரே அவரைப் பிடித்து வைக்கட்டும் என்று தினமும் காலையில் கடை திறக்கும் முன் நடக்கக் கூட்டிப்போனேன்.

அவர் நடையே வேறு. ஒரு கை பர்ஸ் மேல், பார்வை தரையில், ரயிலைப் பிடிக்கப் போகிற வேகம். "இன்னா மாப்ள, டீ சாப்ட்டியா?" என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். "இந்த ஊர்ல ரோட்ல நடந்தா ஆளாளுக்குப் பதில் சொல்லணுமா?" என்பார். வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து சாமை மூட்டையோடு மலைக்காரர்கள் இறங்குவதைக் காட்டினேன். "ம்" என்றார். கோமுகி ஆற்றைக் காட்டினேன். "தண்ணி கம்மியா இருக்கே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குக் காய்கறிக் கடைத்தெருவை நான் தனியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போது அத்தா ஷட்டரை இறக்க மாட்டார். வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டு, துணி அளக்கிற இரும்புக் கோலைக் குறுக்கே வைத்துவிட்டுக் கிளம்புவார். வைத்துவிட்டால் எங்கள் கடைக்கு, எதிர்ப்பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர்தான் பொறுப்பு. அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகும்போது நீளக் கரண்டி ஒன்றைக் குறுக்கே வைப்பார். அவர் கடையை அத்தா பார்த்துக்கொள்வார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதுகூடக் கிடையாது.

அத்தா இதைச் சொல்லியும் இவர் தமாஷ் என்று நினைத்துவிட்டார். முதல் வெள்ளிக்கிழமை ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்துவிட்டுத் தொழப் போனார். திரும்பி வந்தபோது தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. டீ சாப்ட்டியா என்பார் இல்லை, மாப்ள என்பார் இல்லை. அவர் ஆசைப்பட்ட நிம்மதி கிடைத்துவிட்டது. ஆனால் மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. "யாரும் பேச மாட்டேங்கறாங்க" என்றார் என்னிடம், குழந்தை மாதிரி. பெரியப்பாவிடம் கூட்டிப்போனேன்.

பெரியப்பா ஒரு குண்டானைத் துடைத்தபடி, நிமிராமலே சொன்னார். "உன் மாமனாரு ஒரு நாளு பூட்டுனதில்ல. நீ எங்க மூஞ்சி மேல இல்ல பூட்டு போட்டுக்கினு போன, மாப்ள! நாங்க இன்னா திருடங்களா?"

"தெரியாமப் பண்ணிட்டேங்க" என்றார் இவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோலைக் குறுக்கே வைத்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் வேண்டுமென்றே பாத்திரக்கடையில் வந்து உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து வந்த ஒருவர் கம்பளி கேட்டார். பெரியப்பா கோலைத் தாண்டி உள்ளே போய், எக்கி எடுத்து, விரித்துக் காட்டி விற்றார். இவர் திரும்பி வந்ததும் பெரியப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "மலைக்காரங்க வந்தா கேக்கறதே கம்பளிதான். அத்தப் போயி மேல்தட்டுல அடுக்கி வெச்சிக்கினு இருக்கறியே மாப்ள! என் இடுப்பு போச்சி. கீழ எறக்கி வையி!"

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மறுநாள் காலை நடக்கும்போது கவனித்தேன், எப்போதும் பர்ஸ் மேல் இருக்கும் கை காற்றில் வீசிக்கொண்டு வந்தது. டீ சாப்ட்டியா என்றவரிடம், "இன்னும் இல்லீங்க, நீங்க?" என்று நின்று பேசினார். என் தெரு செய்த வேலை இது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரை அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன்.

அத்தாவின் கால் கூடியது. ஊன்றுகோலோடு வந்து கடையில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்காமல் சூட்கேஸில் துணிகளை அடுக்கினேன். கிளம்புகிற அன்று இவர் சூட்கேஸை வாசல் வரைக்கும் தூக்கி வந்து கீழே வைத்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே" என்றார். "பெரியப்பா கரண்டிய வெச்சிட்டு கோயிலுக்குப் போய்டுவாரு. மாமாவால எழுந்து எழுந்து ஓட முடியுமா? வெள்ளிக்கிழமை முடியட்டும், போலாம்."

வெள்ளிக்கிழமை வாரா வாரம் வருகிறது. நாங்கள் இன்னும் போகவில்லை.