சிவபாதம் மாஸ்டரின் தலைமுடி சாட்சி

வீட்டுக்குள் வந்த பிறகும் தொப்பியைக் கழற்றாத மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் இரண்டு வாரமாகப் பார்த்தேன். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் என் பக்கத்து வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார் சிவபாதம் மாஸ்டர். பட்டப்பகல் வெயிலில் கம்பளித் தொப்பி! விஷயம் இந்த வாரம்தான் முடிவுக்கு வந்தது. எழுத அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

மாஸ்டர் கொழும்பிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். எதிரே இருந்த கனவான் கிரீம் பிஸ்கட் நீட்டினார். ஓசிப் பிஸ்கட்... மாஸ்டர் வேண்டாமென்பாரா? கண் விழித்தபோது கண்டியைத் தாண்டி மாத்தளையில் கிடந்தார். கனவான் இல்லை. பை இல்லை. பையிலிருந்த அடையாள அட்டையும் இல்லை.

பை போனால் போகட்டும். சண்டை நடக்கும் இந்த நாளில் நம்மைப் போன்ற தமிழர்கள் அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியுமா? புது அட்டைக்கு முறைப்பாடு பதிந்த பொலிஸ் என்ட்ரி வேண்டும். என்ட்ரி போட சிங்கள இன்ஸ்பெக்டர் நம்ப வேண்டும். அவர் நம்பினால்தானே!

“மாஸ்டர் வீடு கண்டி. ஏன் மாத்தளை போனது? ஐடென்டிட்டி யாருக்குக் குடுத்தது?”

“நான் போகேல்லை ஐயா, கோச்சிதான் கொண்டுபோனது. எனக்கு மயக்க மருந்து தந்திட்டாங்கள்!”

“சாட்சி?”

சாட்சியைத்தான் தின்றாயிற்றே!

சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார்கள். இளம் பெண் டொக்டர். நாலைந்து நாளாகிவிட்டதால் ரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்து இருக்காது என்றார். மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. “ஆனால் தலைமுடியில் இருக்கும்” என்றார். முடி வளரும்போதே மருந்தை உள்ளே வாங்கிக்கொள்ளுமாம். அந்தத் துண்டு தோலுக்கு மேலே வர ஒரு மாதம் ஆகும். பிறகு வேரோரமாக வெட்டி, வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். அதுவரை இரண்டே நிபந்தனை. முடி வெட்டக்கூடாது. சாயம் பூசக்கூடாது.

வெட்டாமல் இருப்பது சுகம். மற்றதுதான் வில்லங்கம்!

மாஸ்டர் டை அடிப்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியாது. மூன்றாவது வாரம் வேரில் வெள்ளை எட்டிப் பார்த்தது. வந்தது தொப்பி!

அட்டைக்குப் பதிலாகக் கிராம சேவகர் கொடுத்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய் வந்தார். அவர் திரும்பும்வரை மனைவி புவனேஸ் அக்கா கேட்டடியிலேயே நிற்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

முடி வெட்டும் நாள் வந்தது. நானும் அக்காவும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டரும் வந்து நின்றார். மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார்.

கன்னங்கரேல் என்று இருந்தது தலை!

டொக்டர் வேரை விலக்கிப் பார்த்தார். “டை அடிச்சீங்களா?”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்?

“ஓம்... வெள்ளிக்கிழமை ஸ்கூலிலை குரூப் போட்டோ. தொப்பியோடை நிக்க அதிபர் விடேல்லை. பதினொரு வருசமா அடிக்கிறன்.” குரல் உடைந்துவிட்டது. “இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.”

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சாயம் மருந்தின் தடத்தைக் கரைத்துவிடுமாம். இனி அனுப்பிப் பயனில்லை என்று டொக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என்ட்ரி போயிற்று, அட்டை போயிற்று, இனி மாஸ்டர்?

இன்ஸ்பெக்டர் தன் தொப்பியைச் சரிசெய்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். அவர் மீசையும் கன்னங்கரேல்தான்.

“நோனா முன்னால இது சொன்ன ஆள்,” என்றார் மெதுவாக, “வேற பொய் சொல்ல மாட்டார். வாங்க மாஸ்டர், என்ட்ரி போடுவோம்.”

ஆய்வுகூடம் எதற்கு? ஆண்பிள்ளை மனைவி முன்னால் தன் வயதை ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய சத்தியம் உண்டா?

புது அட்டைப் படத்துக்கு டை கூடாது என்று அக்கா உத்தரவு போட்டார். கறுப்பையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, வெள்ளை முளைத்த பிறகு படம் எடுத்தார்கள். இந்த வாரம் அட்டை கையில் கிடைத்தது. முதல் நாளே நானும் மாஸ்டரும் டவுனுக்குப் போனோம். செக்பொயின்ட்டில் ஆமிக்காரப் பையன் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பையைக் கொட்டி, கால் மணி நேரம் நிறுத்தினான். மாஸ்டரிடம் அட்டையே கேட்கவில்லை. “தாத்தா, நீங்க போங்க” என்று சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டினான்.

இத்தனைக்கும் நான் மாஸ்டரைவிட இரண்டு வயது மூத்தவன். என்ன செய்ய, எனக்கு இயற்கையிலேயே கறுப்பு!

இப்போது மாஸ்டர் டை பக்கமே போவதில்லை. “சண்டை முடியட்டும், அடுத்த நாளே அடிப்பன்” என்கிறார்.

காலையில் எழுந்ததும் பேப்பரைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். மதிலுக்கு மேலால் அவர் தலையைத்தான் எட்டிப் பார்க்கிறேன்... இன்றும் வெள்ளை.